ஊர், பேர், தொகை

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இரவு. உசிலம்பட்டிப் பக்கத்து வீடு ஒன்றில் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒதுங்கியாயிற்று. பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு நீள நோட்டு வெளியே வருகிறது. மறுநாள் போகவேண்டிய கல்யாணத்துக்கு எவ்வளவு எழுதுவது என்று பார்த்தாக வேண்டும்.

“அத்தை, கருமாத்தூர்க்காரங்க நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க?” என்று மருமகள் கேட்கிறாள். மாமனார் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக விரலை ஓட்டுகிறார். விரல் அந்த ஊரைத் தொடுவதற்குள் அடுப்படியிலிருந்து பதில் வந்துவிடுகிறது. “மூத்தவ சடங்குக்கு ஐந்நூத்தியொண்ணு எழுதினாக. அவுக வீடு குடிபோனப்ப நாம ஆயிரத்தியொண்ணு செஞ்சோம். பெறகு சின்னவன் காதுகுத்துக்கு ரெண்டாயிரத்தியொண்ணு கொண்டாந்தாக. அதுல ஐந்நூறு நம்ம பணம் திரும்பினது. மிச்சம் ஆயிரத்தைந்நூத்தியொண்ணு நாம செய்யணும். மூவாயிரமாச் செஞ்சிருவோம்.” கொஞ்ச நேரம் கழித்து நோட்டு சொல்வதும் அதே கணக்கைத்தான்.

இந்தியக் குடும்பங்களின் அன்றாட வாழ்வையும் மரபையும் பற்றிப் பேச வந்த இந்தச் சொற்பொழிவு கையில் எடுத்துக்கொண்ட பொருள் அந்த நோட்டுதான். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்த வீட்டில்கூட, வேறு புத்தகமே இல்லாத வீட்டில்கூட, மொய் நோட்டு இருந்தது. வீட்டுப் பத்திரம் எழுத்தர் மொழியில் இருக்கும். ஜாதகம் ஜோசியர் மொழியில் இருக்கும். குடும்பம் தன் உறவுகளைத் தன் சொல்லிலேயே எழுதி, பத்திரப்படுத்தி, திரும்பத் திரும்ப எடுத்துப் படித்த ஏடு என்று பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் இது ஒன்றுதான் மிஞ்சும்.

அதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். கடையில் வாங்கிய லாங் சைஸ் நோட்டின் மூலைகளில் மஞ்சள் தடவியிருப்பார்கள். முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி. கீழே குலதெய்வத்தின் பெயரோடு ‘துணை’ என்ற சொல். விசேஷம் என்ன, யாருக்கு, என்ன தேதி, எந்த மண்டபம் என்பது அடுத்து. முதல் வரவு பல வீடுகளில் தாய்மாமனுடையது. அவர் வர நேரமானால் முதல் வரியைக் காலியாக விட்டுவிட்டு இரண்டாம் வரியிலிருந்து எழுதத் தொடங்குவதும் உண்டு. அதன்பின் வரிசை எண், ஊர், பெயர், தொகை.

ஊர்தான் முதலில் வரும். மேசைக்கு முன்னால் வந்து நிற்பவரிடம் எழுதுகிறவர் கேட்கும் முதல் கேள்வியும் “எந்த ஊருங்க?” என்பதே. ஒரே பெயரில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள் என்பதால் பெயருக்கு முன்னால் ஏதாவது ஓர் அடையாளம் வேண்டியிருக்கும்: டீக்கடை, மேலத்தெரு, மிலிட்டரி, வாத்தியார், பம்பாய். ரேஷன் கார்டிலோ பள்ளிச் சான்றிதழிலோ ஏறாத பட்டப்பெயர்கள் இங்கே உரிமையோடு உட்கார்ந்திருக்கும். ஒரே ஆளின் பெயரை முப்பது ஆண்டு நோட்டுகளில் தொடர்ந்து பார்த்தால், வெறும் இன்ஷியலோடு தொடங்கியவர் ‘மில்’ ஆகி, ‘சிங்கப்பூர்’ ஆகி, ஒரு கட்டத்தில் ‘மகன்’ என்ற சொல்லுக்கு முன்னால் போய்விடுவதைக் காணலாம். அவர் இறந்துவிட்டார் என்பதை நோட்டு சொல்லும் விதம் அது.

மேசையில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் பணத்தை வாங்கித் தொகையை உரக்கச் சொல்லி மஞ்சள் பையில் போடுவார், மற்றவர் எழுதுவார். எழுதுகிறவரைப் பொறுக்குவதில் வீட்டுக்காரர்கள் மிகுந்த கவனம் காட்டுவார்கள். கையெழுத்து நன்றாக இருந்தால் போதாது. இரண்டு பக்கத்துச் சொந்தங்களையும் அறிந்தவராக இருக்கவேண்டும். ஒரு பெயரைத் தவறாக எழுதினால் பத்து வருஷம் கழித்து ஓர் உறவு முறியும். இப்போது பல ஊர்களில் கூலிக்கு மொய் எழுதுகிறவர்கள் வந்துவிட்டார்கள். எழுத்து சுத்தமாக இருக்கிறது. அடையாளச் சொற்கள் குறைந்துவிட்டன.

51, 101, 501 என்று முடியும் அந்த ஒரு ரூபாயைப் பற்றியும் சொல்லவேண்டும். முழு எண்ணில் கணக்கு முடிந்துவிடக்கூடாது, மேலே ஒன்று நிற்கவேண்டும் என்பது மக்கள் கொடுக்கும் விளக்கம். ஒரு ரூபாய்த் தாள் அச்சிடுவது 1994-ல் நின்று 2015-ல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்திலும் வழக்கம் நிற்கவில்லை. கவரின்மேல் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியே விற்பனைக்கு வந்தது.

மொய்த்தல் என்றால் கூடுதல், சூழ்தல். பலர் கூடி ஒரு வீட்டைத் தாங்குவது என்ற ஓசை அந்தச் சொல்லிலேயே கேட்கிறது. மதுரை, தேனிப் பக்கம் ‘செய்முறை’ என்பார்கள். குமரிப் பக்கம் ‘சுருள்’ என்பார்கள். கன்னடத்தில் ‘முய்யி’ என்ற சொல்லுக்குக் கல்யாண வீட்டில் வைக்கும் அன்பளிப்பு என்ற பொருளும் உண்டு, பதிலுக்குச் செய்வது என்ற பொருளும் உண்டு; பழிக்குப் பழி என்பதற்கும் அங்கே அதே சொல்தான். தெலுங்கில் ‘சதிவிம்புலு’. படித்துச் சொல்லுதல் என்பது அதன் அடி. யார் என்ன கொடுத்தார் என்பதைக் கூட்டத்தின் முன் உரக்கப் படித்த காலத்தை அந்தச் சொல் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஒலிபெருக்கியில் மொய் படித்த கல்யாணங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையில் இருப்பார்கள். தொகை குறைவாக இருந்தவர் அந்தச் சில நொடிகளில் தலை குனிந்து சாப்பிட்டதையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். படிப்பது நின்று கவர் வந்ததை ஒரு நாகரிக முன்னேற்றம் என்றே இந்த உரை கருதுகிறது.

மொய் தானம் ஆகாது. தானம் திரும்பி வருவதை எதிர்பார்ப்பதில்லை. கடன் என்றும் சொல்ல முடியாது. வட்டி கிடையாது, தவணை கிடையாது, கையெழுத்து கிடையாது, கேட்டு வாங்கும் வழக்கமும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே அது நிற்பதால்தான் மானுடவியலாளர்கள் இதைத் தேடி வந்தார்கள். கொடுக்கவேண்டும், வாங்கவேண்டும், திருப்பவேண்டும் என்ற மூன்று கடப்பாடுகளைப் பற்றி மார்செல் மாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-ல் ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். அவருடைய மாணவர் லூயி துய்மோன் 1949-50-ல் மதுரை வட்டாரத்தில் தங்கிப் பிரமலைக் கள்ளர் வாழ்வை ஆராய்ந்து 1957-ல் நூலாக்கினார். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் யார் யாருக்கு என்ன செய்யவேண்டும் என்பதை அவர் விரிவாகக் குறித்துக்கொண்டார். ஆசிரியர் பாரீசில் நூல்களிலிருந்து திரட்டியதை, மாணவர் நம் ஊர்ப் பந்தலில் உட்கார்ந்து பார்த்தார்.

வட்டி இல்லை என்பதற்காகக் கணக்கு தூங்கிக் கிடக்கும் என்று நினைக்கக்கூடாது. 1970-ல் 10 கிராம் தங்கம் 200 ரூபாய்க்கும் கீழே விற்றது. அந்த ஆண்டு 11 ரூபாய் எழுதியவர் அரை கிராம் தங்கத்துக்கு மேல் கொடுத்திருக்கிறார். இருபது ஆண்டு கழித்து அவர் வீட்டு விசேஷத்துக்கு அதே 11 ரூபாயை எழுதினால் அது அவமதிப்பு. ஆகவே வாங்கியதைவிடக் கூட்டிச் செய்கிறார்கள். கூட்டிய தொகை ‘புது மொய்’. வாங்கியதற்கு ஈடானது ‘பழைய மொய்’. புது மொய் மறுபடியும் ஒரு பாக்கி ஆகிறது. இந்தமுறை எதிர் வீட்டின் தலையில். இப்படிப் பாக்கி இடம் மாறிக்கொண்டே இருக்குமே தவிர ஒருநாளும் தீராது. தீரக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஒருவர் வாங்கிய தொகையை அப்படியே, ஒரு ரூபாய்கூடக் கூடாமல் திருப்பிவிட்டுப் போனால் ஊர் புரிந்துகொள்ளும்: “மொய்ய முறிச்சுட்டான்.” சண்டையைவிட அழுத்தமான அறிவிப்பு அது. சண்டை போட்ட அண்ணன் தம்பி ஒரு கல்யாணத்தில் பேசிக்கொள்ளலாம். கணக்கை நேர்செய்துவிட்டவர்கள் பேசிக்கொள்ள ஒரு காரணமும் மிச்சமில்லை.

பாகப்பிரிவினையின்போது நிலம், வீடு, நகையோடு மொய்யும் பிரிக்கப்படுவது வெளியூர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்கும். தாய்வழி ஊர்களுக்கு மூத்தவன் செய்யவேண்டும், அப்பாவின் சேக்காளிகளுக்கு இளையவன் செய்யவேண்டும் என்று பெயர்களைப் பங்கு போடுவார்கள். அப்பா வாங்கிய மொய் மகன்மேல் நிற்கும். அதைக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. போகவேண்டிய தேவையும் வருவதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பகுதியிலும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பகுதியிலும் இந்த ஏற்பாடு கல்யாணத்திலிருந்து கழன்று தனியே நிற்கிறது. அதுதான் மொய் விருந்து. ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும். ஒருவருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் முறை வரும். பந்தல் செலவைக் குறைக்கப் பலர் சேர்ந்து ஒரே இடத்தில் விருந்து வைப்பார்கள். கறிச் சாப்பாடு பொது, நோட்டு அவரவருக்குத் தனி. வந்த பணத்தில் ஆழ்துளைக் கிணறு வெட்டுவார்கள், மகளைக் கட்டிக்கொடுப்பார்கள், மகனைப் படிக்க வைப்பார்கள், பழைய கடனை அடைப்பார்கள். 1992-ல் வந்த ‘சின்ன கவுண்டர்’ படத்தில் கடன் தீர்க்க வைக்கும் மொய் விருந்தைப் பார்த்தவர்கள் இலைக்கு அடியில் பணம் வைக்கும் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். வட கேரளத்தில் கோழிக்கோடு, கண்ணூர்ப் பகுதிகளில் இதற்கு ‘பணப்பயற்று’ என்று பெயர். அங்கே கறிச்சோற்றுக்குப் பதில் சாயாவும் பலகாரமும். நோட்டு அதே நோட்டு.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, அதன் பாதையில் இந்த மொய் விருந்து ஊர்களும் இருந்தன. தென்னை வேரோடு சாய்ந்தது. தென்னங்கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும். முறை வந்தவர்களோ காத்திருக்க முடியாது. அடுத்து வந்த விருந்துகளில் எதிர்பார்த்த பணம் திரும்பவில்லை. அந்த அடியிலிருந்து நிமிர்வதற்குள் 2020-ல் கொரோனா வந்து பந்தல்களையே நிறுத்தியது. ஒரு வீட்டுக்கு வரும் துன்பத்தை ஊர் தாங்கும் என்பதில் நிற்கிறது மொய். ஊருக்கே ஒரே நாளில் துன்பம் வந்தால் தாங்குவதற்கு அதனிடம் ஆள் இல்லை. அந்த ஆண்டுகளின் நோட்டுகளை யாராவது சேர்த்துப் படித்தால், இழப்பீட்டுக் கணக்கில் வராத ஓர் இழப்பு தெரியவரும்.

மொய்யை வெறுமனே போற்றிவிட்டுப் போகவும் முடியாது. வைகாசியில் ஒரே முகூர்த்தத்தில் நாலு பத்திரிகை வந்தால் தினக்கூலிக் குடும்பம் என்ன செய்யும்? வட்டிக்கு வாங்கி மொய் எழுதுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. வட்டியில்லாத கைமாற்று, இன்னொருவருடைய கந்துவட்டியின் மேல் நிற்கிறது. பிள்ளை இல்லாத தம்பதி ஆயுள் முழுக்க எழுதிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் வீட்டில் காதுகுத்தும் வராது, சடங்கும் வராது. மதுரை, தேனி ஊர்களில் ‘வசந்த விழா’ என்று காரணம் சொல்லாத ஒரு விழாவுக்கு அழைப்பிதழ் அடிப்பார்கள். வெளியார் அதைப் பணம் வசூல் என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் விசேஷமே நடக்காத ஒரு குடும்பமும் தன் முறையை வாங்கிக்கொள்ள ஊர் கண்டுபிடித்த வழி அது என்று பார்ப்பதே நியாயம்.

நோட்டில் யார் இல்லை என்பதும் முக்கியம். அடுத்த தெருவில் காலமெல்லாம் வாழ்ந்த, அதே வயலில் அறுப்பு அறுத்தவர்களின் பெயர் ஐம்பது ஆண்டு நோட்டில் ஒரு பக்கத்திலும் வராத வீடுகள் உண்டு. சாதியின் எல்லை எங்கே ஓடியது என்பதை ஊர் வரைபடத்தைவிட மொய் நோட்டு துல்லியமாகக் காட்டும். தொழிற்சாலையும் அலுவலகமும் கல்லூரியும் வந்தபின் ‘உடன் பணிபுரிவோர்’ என்று ஒரு வரி சேரத் தொடங்கியது. பல வீடுகளில் அந்த எல்லையைத் தாண்டிய முதல் வரி அதுவே.

முதலில் பார்த்த அடுப்படிக் குரலுக்கு இப்போது திரும்பவேண்டும். கணக்கு முழுவதும் அந்த அம்மாளின் நினைவில் இருக்கிறது. யாருக்கு எப்போது என்ன செய்தோம், எந்த வீட்டில் அடுத்து விசேஷம் வரும், எந்த நாத்தனார் மனம் கோணியிருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நோட்டில் அவர் பெயர் இல்லை. எழுதியிருப்பது கணவர் பெயர். கணவர் இறந்தபின் எழுதுவது மகன் பெயர். மகனுக்கு ஐந்து வயது என்றாலும் அவன் பெயர்தான். தாயின் கூலியில் போன பணம் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையின் கணக்கில் ஏறும். 1960-ல் வெளிவந்த நூலொன்றில் ஜெக்கியே எக்லர் என்ற மானுடவியலாளர் மேற்குப் பஞ்சாபின் மோலா என்ற ஊரில் இதே போன்ற ‘வர்தன் பாஞ்சி’ வழக்கத்தைப் பற்றி எழுதினார். அங்கும் அதை நடத்துகிறவர்கள் பெண்கள். எந்த வீட்டுக்கு எவ்வளவு இனிப்பு போகவேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள்தான்.

நாட்டின் சட்டம் இந்த இடத்தில் ஒரு வேலை செய்ய முயன்றது. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1985-ல் வந்த விதிகள், மணமக்களுக்கு வந்த பரிசுகளுக்குப் பட்டியல் எழுதச் சொல்கின்றன. மணமகளுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகளே வைத்திருக்கவேண்டும். பொருள் என்ன, ஏறத்தாழ என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திடவேண்டும். பிற்காலத்தில் பிணக்கு வந்தால் பெண்ணுக்குக் கைகொடுக்கும் ஆவணம் அது. அதை எழுதிய கல்யாண வீட்டைக் காண்பது அரிது. அதே மண்டபத்தின் வாசலில், அதே நாளில், பையனுடைய அப்பா ஒரு நோட்டும் பெண்ணுடைய அப்பா ஒரு நோட்டும் வரி பிசகாமல் எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுத ஆள் இல்லை, நோட்டு இல்லை என்று சொல்ல வழியில்லை. மூன்றாவதாக மணமகள் பெயரில் ஒரு நோட்டைப் போட்டுவிடுவது இன்றைக்கே எந்த வீட்டாலும் முடியும் என்பதை இந்த அவையில் அழுத்திச் சொல்லவேண்டும்.

பெண்களுக்கென்று ஓர் எழுத்து இருந்தது. அது பாத்திரக் கடையில் வெட்டிக் கொடுத்த எழுத்து. எவர்சில்வர் குடத்தின் கழுத்தில், பித்தளை அண்டாவின் விளிம்பில், புள்ளி புள்ளியாகக் கொடுத்தவர் பெயரும் தேதியும். கடைக்காரர் பாத்திரத்தைத் தொடையில் இடுக்கிக்கொண்டு ஊசியால் பொறிக்கும்போது பெயர் சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆகவே அங்கே அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் தங்கள் பெயரிலேயே இருப்பார்கள். பாட்டியின் கல்யாணத் தேதி தெரியாத பேத்தி, பரணில் கிடக்கும் பானையைப் புளி போட்டுத் துலக்கினால் தெரிந்துகொள்ளலாம்.

நோட்டிலும் மெல்ல மாற்றம் வந்திருக்கிறது. ‘டீச்சர்’, ‘நர்ஸ்’ என்ற அடையாளத்தோடு பெண்கள் தம் பெயரில் எழுதுகிறார்கள். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் மாநிலம் முழுக்கப் பரவியபின், குழுவின் பெயரிலேயே மொய் வரத் தொடங்கியது. ஆண் பெயர் எதுவும் ஒட்டாத வரி அது.

சாவு வீட்டுக்குத் தனி நோட்டு. நல்ல காரிய நோட்டில் அதைக் கலக்கமாட்டார்கள். அதற்கு மஞ்சளும் தடவமாட்டார்கள். கோடித்துணி கொண்டுவந்தவர், கருமாதிக்குப் பணம் வைத்தவர், சோறு ஆக்கிப் போட்ட சம்பந்தி வீடு என்று அதில் வரிகள் சிலவே. அந்த நோட்டை யாரும் திறந்து பார்த்துக் கூட்டிப்போட்டு மகிழ்வதில்லை. திருப்பிச் செய்வதில் மட்டும் தவறுவதில்லை.

2021 ஜனவரியில் மதுரை மணமக்கள் இருவர் தங்கள் கல்யாணப் பத்திரிகையிலேயே கூகுள் பே, போன்பே கியூஆர் குறிகளை அச்சிட்டது செய்தியானது. ஊரடங்கில் வரமுடியாதவர்களுக்கு அது வசதி. மண்டபங்களில் கணினியில் மொய் பதிந்து, எழுதியவர் கையில் அச்சிட்ட சீட்டு கொடுக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு ஊர்வாரியாக, எழுத்து வரிசைப்படி தாள் கிடைத்துவிடும். விரலை ஓட்டித் தேடவேண்டியதில்லை. நல்லதுதான். ஆனால் இந்தக் கோப்புகள் பென்டிரைவிலும் பழைய செல்போனிலும் தொலைந்துகொண்டிருக்கின்றன. காகித நோட்டுகளோ வீடு இடித்துக் கட்டும்போது எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் நூல்களோடு அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் சேர்த்து வைத்தார். இன்று சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தில் அவை ஆய்வுப் பொருள்கள். மொய் நோட்டைச் சேர்க்க அவரைப் போல் ஒருவர் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வேண்டும். உயிரோடிருப்பவர்களின் பணக் கணக்கு அதில் இருப்பதால் ஐம்பது ஆண்டு கழிந்தவற்றிலிருந்து தொடங்கலாம். 1960-களின் ஒரு நோட்டு ஒரு கிராமத்தின் பெண் எடுத்த ஊர்கள், பெண் கொடுத்த ஊர்கள், பிழைக்கப் போன ஊர்கள் அனைத்தையும் ஒரே உட்காரலில் சொல்லிவிடும்.

பந்தி முடிந்து, இலை எடுத்து, பந்தல்காரர் துணியை அவிழ்க்கும் நேரத்தில் மேசைக்காரர்கள் கூட்டிப் பார்ப்பார்கள். பையில் உள்ள பணமும் நோட்டில் உள்ள தொகையும் ஒத்துப்போகவேண்டும். பத்து இருபது குறைந்தால் எழுதியவர் தன் கையிலிருந்து போட்டுவிடுவதும் உண்டு. மொத்தம் எழுதி அடிக்கோடு போட்டபின் நோட்டை மூடிவிடுவதில்லை. நாலைந்து பக்கங்களை வெறுமையாக விட்டுத்தான் வீட்டுக்காரரிடம் கொடுப்பார்கள். பஸ் கிடைக்காதவர், அன்றைக்கு லீவு கிடைக்காதவர், துக்க வீட்டில் இருந்ததால் மண்டபத்துக்கு வரக்கூடாதவர் என்று சிலர் இருப்பார்கள். அவர்கள் பதினாறாம் நாளோ, ஒரு மாதம் கழித்தோ வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “அன்னைக்கு வர முடியலக்கா” என்றபடி மடித்த தாளை நீட்டுவார்கள். அக்கா முதலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். பிறகு மகளைக் கூப்பிட்டு, பீரோவிலிருந்து நோட்டை எடுத்துவரச் சொல்வார்.